காலம் சென்டிமீட்டர்

எம்.ஏ. முடித்தவனுக்குத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் வேலை கிடைக்காமல் போனதே இல்லை. சம்பளம்தான் கிடைக்காது. 1980-களின் தொடக்கத்தைச் சொல்கிறேன். எனக்கு ஒன்றுக்கு மூன்றாகவே வேலை இருந்தது.

காலையில் அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு பேரலல் காலேஜ். ப்ரீடிகிரி தோற்றவர்கள், கல்லூரியில் சீட் கிடைக்காதவர்கள் எல்லாரையும் கரையேற்றுவதற்கென்று கேரளத்தில் அன்றைக்கு ஊருக்கு ஊர் அப்படியொன்று இருந்தது. ஓலைக் கொட்டகை, நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நான் ஹாம்லெட் நடத்தினால் அந்தப் பக்கம் பானிப்பட்டுப் போர் நடக்கும். யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் பாடமே இரண்டு வகுப்புக்கும் பாடம். பிள்ளைகள் ஃபீஸ் கட்டிய மாதம் எங்களுக்கும் சம்பளம் உண்டு.

மத்தியானத்துக்கு மேல் நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேர நிருபர். ராத்திரி, சாலைக் கடைத்தெருவின் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா அதே தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். வரவு செலவு தெரிந்தவர். “மக்கா, மாதவன் அண்ணாச்சி கடையையும் பாத்துக்கிட்டுக் கதையும் எழுதுதாரு. நீ மூணு வேலை பாத்தும் காப்பிக்கு எங்கிட்டதான துட்டு கேக்குத?” என்பார். அவர் சொன்னது ஆ. மாதவனை. சாலைத்தெருவில் வியாபாரம் பார்த்தபடியே அந்தத் தெருவைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர். வாழ்நாளெல்லாம் கதை எழுதிய அவருக்கு 2015-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது, ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. அப்பா இருந்திருந்தால் அதற்கும் ஒரு கணக்கு சொல்லியிருப்பார்.

நிருபர் வேலை என்றால் நடை. கோயில் நடை, பழவங்காடிப் பிள்ளையார், காந்தி பார்க் பொதுக்கூட்டம், சாலையில் வெங்காய விலை. எல்லாவற்றையும் எழுதிக் கவரில் போட்டு, மேலே சிவப்பு மையில் ‘பிரஸ் – அவசரம்’ என்று எழுதித் தம்பானூர் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் கண்டக்டர் கையில் கொடுக்க வேண்டும். அவசரம் எனக்குத்தான், கண்டக்டருக்கு இல்லை. தலைபோகிற செய்தி என்றால் தந்தி. மற்றதெல்லாம் நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, நாகர்கோவில், அப்புறம் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலி என்று ஊர் ஊராக இறங்கி ஏறிப் போகும். நவராத்திரிக்கு முந்தின நாட்களில் சாமிகள் எதிர்த்திசையில் அதே சாலையில் வரும்: பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னூற்று நங்கை. தமிழ்ப் பத்திரிகைக்கு எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு பெரிய செய்தி உண்டென்றால் அதுதான். ஒவ்வொரு வருஷமும் புதுசாக ஒரு முதல் வாக்கியம் யோசித்து அனுப்புவேன். டெஸ்கில் அதை வெட்டிவிட்டுப் போன வருஷத்து வாக்கியத்தைப் போடுவார்கள்.

வெட்டியது போக மிஞ்சியதற்குத்தான் காசு. லைனேஜ் என்பார்கள். அச்சில் வந்ததைக் கத்தரித்து, மைதாப் பசையில் தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, இத்தனை காலம் சென்டிமீட்டர் என்று மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். தலைப்பையும் சேர்த்து அளக்கலாமா என்பதில் எனக்கும் பத்திரிகைக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. மைதா அம்மாவுடையது. அந்தச் செலவு கணக்கில் வராது.

இந்த ஊருக்குத் தமிழ்ப் பத்திரிகை புதிதல்ல. டி.வி. ராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6-ஆம் தேதி தினமலரைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மறுவருஷம் பத்திரிகை திருநெல்வேலிக்குப் போனது. நான் எழுதியது அதில் இல்லை, வேறொன்றில். ஆனால் எல்லை நகர்ந்தபோது பத்திரிகையும் நகர்ந்துவிட்டது, சாலைத் தமிழன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான் என்பது எங்கள் காலத்திலும் பேச்சாக இருந்தது.

மூன்று தொழிலையும் ஒன்றாகச் செய்வதில் ஒரு சௌகரியம்: எந்த இடத்திலும் மதிப்பு இல்லாததற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். செய்தி ஆசிரியருக்கு என் காப்பி நீளமாகத் தெரிந்தால், “வாத்தியார் பாடம் நடத்தறார்” என்பார். பிற்பாடு நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரியில், மாணவர்கள் வகுப்பில் சிரித்தால், “பத்திரிகைக்காரன் கதை விடறான்” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். பதிப்பாளர் இன்னும் தெளிவானவர். “உங்களுக்குத்தான் ரெண்டு இடத்துல வருமானம் இருக்கே சார்” என்று சொல்லி ராயல்டிக்குப் பதில் புத்தகக் கட்டு ஒன்றை அனுப்பிவைத்தார். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணியில் ஒரு தாடிக்கார முகம் உண்டு. மணி அடிக்கும்போது இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஆடுகள் வந்து அதன் கன்னத்தில் முட்டும். எனக்கு முட்ட மூன்று ஆடு.

கூட்டுத் தொழிலுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. பாரிஸ்டர் ஜி.பி. பிள்ளை மாணவனாக இருக்கும்போதே திவானைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதி, அதற்காகத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர். சென்னைக்குப் போய் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ ஆசிரியராகி, இந்தியத் தலைவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். காந்தி தன் சுயசரிதையில் அவரை நன்றியோடு நினைக்கிறார். பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்ட 1891-இன் மலையாளி மெமோரியலுக்கும் அவரே முன்னணியில் நின்றார். சமஸ்தானத்தின் பெரிய உத்தியோகங்களைத் தமிழ்ப் பிராமணர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதன் புகார். நான் வேலை தேடிய காலத்தில் அந்தப் புகாருக்கு அவசியமே இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய உதாரணம் ‘சுதேசாபிமானி’ ராமகிருஷ்ண பிள்ளை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியை விடாமல் எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-இல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய் எல்லைக்கு அப்பால் விட்டார்கள். என் கவர் போன அதே சாலை. கவராவது சில சமயம் திரும்பி வந்திருக்கிறது, அவர் வரவேயில்லை. பத்திரிகை போனதும் 1912-இல் ‘விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்’ எழுதினார், மலையாளத்தின் முதல் இதழியல் பாடப்புத்தகம். கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதியதும் அதே வருஷம். ஆக, பாடப்புத்தகம் எழுத ஒரு பத்திரிகையாளனுக்கு அவகாசம் தந்த பெருமை திவானையே சேரும். கடைசி நாட்களில் குடும்பத்தைத் தாங்கியது அவர் மனைவி பி. கல்யாணியம்மாவின் ஆசிரியை வேலை. அந்த வேலைக்காகவே கண்ணூர் போனார்கள்; 1916-இல் அங்கேயே ராமகிருஷ்ண பிள்ளை இறந்தார். பத்திரிகை, புத்தகம், வகுப்பறை மூன்றும் ஒரு வீட்டுக்குள் இருந்தபோது அரிசி வாங்கியது எது என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்லத் தவறியதில்லை.

மூன்றிலும் ஜெயித்த ஒருவரும் இந்த ஊரில் இருந்தார். எம். கிருஷ்ணன் நாயர், யூனிவர்சிட்டி காலேஜ் மலையாளப் பேராசிரியர். 1969-இல் தொடங்கிய ‘சாகித்ய வாரபலம்’ என்ற பத்தியைப் பத்திரிகை மாறினாலும் விடாமல், 2006-இல் சாகிற வரைக்கும் எழுதினார். லத்தீன் அமெரிக்க நாவலையும் அந்த வாரத்து மலையாளக் கதையையும் அருகருகே நிறுத்திவைப்பார். மலையாளக் கதை பிழைப்பது கஷ்டம். திட்டு வாங்கியவர்களும் வார இதழைப் பிரித்ததும் முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போவார்கள். நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தார் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. நாலே வருஷத்தில், 2010-இல், யு.ஜி.சி. ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. ஐ.எஸ்.எஸ்.என். எண் உள்ள ஆய்விதழில், பத்துப் பேர் படிக்காவிட்டாலும், எழுதினால் தனிப் புள்ளி. பொதுக் கட்டுரைகளுக்குக் கருத்தரங்கில் உட்காருவது, சங்கத்தில் உறுப்பினராவது ஆகியவற்றோடு சேர்த்து ஒரே வரிசையில் இடம். முப்பத்தாறு வருஷப் பத்தியை அந்தப் படிவத்தில் எங்கே எழுதியிருப்பார்?

2011 ஜூன் கடைசியில் உலகமே கிழக்கேகோட்டைக்கு வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்தார்கள். அதுவரை ஒரு கவருக்கு ஒரு கண்டக்டரைக் கெஞ்சிய தெருவில் சேனல் வண்டிகளின் குடைகள் வரிசையாக நின்றன. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். இதைவிடப் பெரிய வகுப்பறை கிடைக்காது. உள்ளே போனது குழு மட்டும். நிருபர் ஒருவரும் போகவில்லை. அதிகாரபூர்வ மதிப்பு என்று ஒன்று வெளிவரவே இல்லை. ஆனாலும் தொகை மணிக்கு மணி வளர்ந்து, ஒரு லட்சம் கோடியில் வந்து நின்றது. திறக்காத ‘பி’ அறைக்கோ பாம்புகளே காவல் என்றார்கள். “எந்தத் தொகையை சார் எழுதறது?” என்று கேட்டார்கள் பிள்ளைகள். உள்ளே போனவர் சொன்னால் எழுது, சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று எழுது என்றேன். அப்படியே எழுதிய பெண்ணுக்கு நான் முதல் மதிப்பெண் கொடுத்தேன். அவள் இப்போது இன்ஷூரன்ஸில் இருக்கிறாள். பாம்பின் நீளத்தையும் சேர்த்து எழுதியவனுக்கு ஒரு சேனலில் வேலை கிடைத்தது.

இன்று தந்தி இல்லை, 2013-இல் நிறுத்திவிட்டார்கள். பேரலல் காலேஜ் இருந்த இடத்தில் செல்ஃபோன் கடை. பழவங்காடிப் பக்கம் 2022-இல் ஆகாய நடைபாதை வந்தது. அதன் மேல் நின்று பையன்கள் கீழே தெரியும் நெரிசலை நேரலையில் விடுகிறார்கள். அன்று மூன்று வேலை பார்ப்பவன் ஒன்றிலும் தேறாதவன். இன்று இருபத்து மூன்று வயதில் ‘ஜேர்னலிஸ்ட், ஆதர், எஜுகேட்டர்’ என்று தன் பெயருக்குக் கீழே நடுநடுவே கோடு போட்டு எழுதிக்கொள்கிறான். காலம் சென்டிமீட்டர் மட்டும் போகவில்லை; வியூ என்று பேர் மாற்றிக்கொண்டிருக்கிறது. மைதா மிச்சம்.

என் பழைய மாணவன் ஒருவன், கரமனைப் பையன், இப்போது ஒரு கல்லூரியில் இதழியல் துறையைப் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் போன் செய்தான். யு.ஜி.சி.யின் ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ பதவிக்கு ஆள் தேடுகிறார்களாம். டாக்டர் பட்டம் வேண்டாம், நெட் தேர்வு வேண்டாம். தொழிலில் பதினைந்து வருஷ அனுபவம் போதும். நெட் எழுதவில்லை, அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று என்னை நிரந்தரமாக்காமல் ஒப்பந்தத்திலேயே ஓட்டியது நினைவுக்கு வந்தது.

“உங்களவிட்டா யாரு சார்? பயோடேட்டா மட்டும் அனுப்புங்க.”

அனுப்பினேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது.

“சார், விதியில ஒரு வரி இருக்கு. ஆசிரியரா இருக்கறவங்க, இருந்து ரிட்டயர் ஆனவங்க விண்ணப்பிக்க முடியாதாம்.”

“செரி.”

“பயோடேட்டாவுல காலேஜை மட்டும் எடுத்துரலாமா சார்? பத்திரிகையும் புத்தகமுமே தாராளமா போதும்.”

“எடுத்துட்டா, உனக்கு எந்த வழியிலடே என்னைத் தெரியும்னு எழுதுவ?”

யோசித்துச் சொல்வதாக வைத்தான்.