கூட்டணி மடிக்கணினி

2011 செப்டம்பரில் தொடங்கி தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கே போனாலும் நிலைமை ஒன்றுதான்: லினக்ஸ் கூட்டணிக் கட்சி. பட்டியலில் பெயர் உண்டு, ஆட்சியில் பங்கில்லை. படம் பார்க்க விண்டோஸ், பாட்டுக்கு விண்டோஸ்.

தப்பித்தவறி லினக்ஸுக்குள் போய் விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக வைக்கிறது; விண்டோஸோ அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. வெயிலைப் பார்த்து மணி சொல்லலாமென்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மூடுபனி. லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். விட்டுக்கொடுப்பது எப்போதும் சின்னக் கட்சிதானே!