கழற்றலும் கழற்றல் நிமித்தமும்: பெட்ரோல் டாங்க் பற்றி ஒரு திணை ஆராய்ச்சி

ஐந்திணைக்கும் முதல், கரு, உரி என்று பொருள் வகுத்த நம் இலக்கண மரபு, வீட்டு வாசலில் வண்டியின் பெட்ரோல் டாங்கைக் கழற்றும் ஒழுக்கத்துக்கு மட்டும் திணை வகுக்காமல் விட்டுவிட்டது. தொல்காப்பியர் காலத்தில் ஸ்ப்ளெண்டர் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்வோம். 1994இல் அந்த வண்டி வந்த பிறகும் ஆய்வுலகம் வாய் திறக்காததற்கு என்ன சமாதானம் சொல்வது? அக்குறையை இக்கட்டுரை தீர்க்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய ஸ்ப்ளெண்டரே இங்கு மூலபாடம். ஆய்வாளர் வீட்டு வாசலில் நிற்பது அதுதான் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

நிமித்தங்களை முதலில் பார்க்கலாம். பெட்ரோல் டேப் கசியும். உள்ளே துரு பிடித்து கார்புரேட்டரில் செம்பொடி இறங்கும். மழைத்தண்ணீர் மூடி வழியே புகுந்து அடியில் தங்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளுக்கு இந்தக் கவலை கூடியிருக்கிறது. இவை நூல்வழி நிமித்தங்கள். வழக்கில் பெரும்பான்மை வேறு: ஞாயிறு காலை ஒட்டடை அடிக்கச் சொல்லி வீட்டுக்குள்ளிருந்து குரல் வருமுன் கையில் ஸ்பேனர் இருந்தாக வேண்டும்.

இனி நம் கோட்பாடு. நிரம்பிய டாங்க் ஆபத்தானது, காலி டாங்க் சாது என்பது உலக வழக்கு. அது பொருந்தாது. எரிவது பெட்ரோல் அன்று, அதன் ஆவி. அந்த ஆவி காற்றோடு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் பற்றும். நிரம்பிய டாங்கில் மேலே எஞ்சும் சிறு இடத்தில் ஆவி அந்த அளவைத் தாண்டி அடர்ந்திருக்கும். பெட்ரோலை வடித்ததும் காற்று உள்ளே நுழைகிறது. சுவரில் ஒட்டிய ஈரம் ஆவியாகிறது. வெடிப்பதற்கு ஏற்ற கலவை அப்போதுதான் கூடுகிறது. காலி டாங்க் என்று எதுவும் உலகில் இல்லை என்பது எம் துணிபு. மற்றவை எல்லாம் இதன் விரிவுரை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் பலரும் ஸ்பேனர் அளவைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான இடம் தேடும். நம் வீடுகளில் தரையோடு இருப்பவை எவை? வாசற்படி அகல் விளக்கு. ஊதுபத்தி. சாம்பிராணி தூபக்கால். மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் அதன் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் போர்ட்டிகோவிலேயேதான். திரவப் பெட்ரோலுக்கு மேல் பற்றக்கூடிய ஆவி எழுவதற்கு வெயில்கூட வேண்டாம். சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரியிலேயே எழும். ஆகவே நிலம் என்பது திறந்த வெளி. பொழுது காலை, எஞ்சினும் சைலன்சரும் ஆறிய பின். மாலை ஆகாது, வாசலில் விளக்கேற்றும் நேரம் அது. பக்கத்து வீட்டு அண்ணன் ‘என்ன தம்பி, ஓவர் ஃப்ளோவா?’ என்று பீடியோடு வந்து குனிந்து பார்ப்பதும் இத்திணைக்கு உரிய புள்தான்; மரியாதையாக அவரைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குக.

கருப்பொருள்: ரிங் ஸ்பேனர், நோஸ் பிளேயர், வேஸ்ட் துணி, மூடியுள்ள உலோக கேன், ஒரு பழைய டயர், உலர்தூள் தீயணைப்பான். அது இல்லாதவர்களுக்கு ஒரு வாளி மணல். தண்ணீர் வாளி இத்திணைக்கு உரியதன்று. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு ஊர்வலம் போகும்.

பெட்ரோலை வடிப்பதில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சும் வாய்மொழி மரபு. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே நிமோனியா வரும். அம்மரபின் ஆசிரியர்கள் இதைத் தம் நூல்களில் குறிப்பதில்லை. இரண்டாவது, டேப் வழியே வடிப்பது, நாம் இம்மரபினர். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. டேப்பின் உள்ளே உயரமான குழாய் ஒன்று நிற்கிறது. ‘ஆன்’ நிலையில் அதன் வாய் மட்டம் வரைதான் பெட்ரோல் இறங்கும். மிச்சத்துக்கு ‘ரிசர்வ்’. அதோடும் முடியாது. டாங்கின் அடிப்பாகம் ஃபிரேம்மேல் கவிழ்ந்து உட்கார நடுவில் குழிந்திருக்கிறது; டேப் இடப்பக்கம், வலப்பக்கத் தொடையில் தங்கிய பெட்ரோல் அங்கேயே இருக்கும். எம் கோட்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கழற்றும் வினை சுருக்கமானது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் பிரிக்கவும். சைடு கவர், சீட் எடுத்த பின் டாங்கின் வால் பகுதியில் போல்ட் தெரியும். டேப்பை மூடி, கிளிப்பைப் பிளேயரால் அமுக்கி ட்யூபை உருவவும். இழுக்காமல் திருகி உருவினால் பழைய ரப்பர் கிழியாது. மீட்டரில் பெட்ரோல் முள் இருந்தால் டாங்கிலிருந்து போகும் வயரின் கனெக்டரையும் பிரிக்க வேண்டும். இதை மறந்தவர்கள் டாங்கைத் தூக்கியதும் நினைவுகூர்வர். பிறகு போல்ட்டை எடுத்து, டாங்கின் பின்புறத்தைச் சற்றே தூக்கிப் பின்னோக்கி இழுத்தால், முன்னால் ஃபிரேமின் இருபுறமும் உள்ள ரப்பர் புஷ்ஷிலிருந்து விடுபடும். நேரே மேலே தூக்குவோர் ஒரு சாரார் உண்டு. அவர்களுக்கு மாறாகப் புஷ்ஷே சாட்சி சொல்லும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பின்னான வண்டிக்கும் இதே விதியா எனில், அன்று. அவற்றில் பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கிறது. ட்யூபில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் நிற்கும். பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்ட பிறகே ட்யூபைத் தொடலாம். தொடாமல் விடுவது இன்னும் சிறந்தது; அது வேறு திணை.

எடுத்த டாங்கை டேப் தரையில் இடிக்காமல் டயர்மேல் வைத்து, மூடியைப் பூட்டி, நிழலில், வீட்டுக்கு வெளியே வைக்கவும். கட்டிலுக்கு அடியில் வைத்தாரும் உளர். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஆவி சாக்கடை வழியே தெரு முழுக்க நடக்கும். ஓட்டை இருந்தால் ‘காலி டாங்க்தானே’ என்று எந்த வெல்டிங் பட்டறையிலும் கொண்டுபோய் நீட்ட வேண்டாம். விவரம் தெரிந்தவர் நன்றாகக் கழுவி, பற்றவைக்கும் இடம் தவிர உள்ளே தண்ணீரால் நிரப்பி, அதன் பிறகே நெருப்பைக் காட்டுவார். கழுவாமலே கையில் டார்ச்சை எடுப்பவரிடமிருந்து டாங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மாட்டும்போது டாங்குக்கு அடியில் வயரோ கேபிளோ நசுங்கியிருக்கிறதா என்று ஹேண்டில் பாரை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். டேப்பைத் திறந்து சில நிமிடம் காத்திருந்து, ட்யூபின் இரு முனையையும் விரலால் தடவி, ஈரமில்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்க.

கடைசியில் தரையில் ஒன்று மிஞ்சும். மிஞ்சாத ஞாயிறு இல்லை. வாஷர் என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம் என்பது சிலர் கருத்து. எமக்கு அதுவும் உடன்பாடன்று. பின் போல்ட்டின் ரப்பருக்குள் நிற்க வேண்டிய இரும்புக் காலர் மிஞ்சியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. அது இல்லாமல் முறுக்கினால் ரப்பர் நசுங்கும், டாங்க் ஆடும், உலோகம் விரியும். மறுபடி கழற்றுங்கள்.