பகலில் சக்கரம், ராத்திரி வில்லு

காருக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் நாகஸ்வரத்தைத்தான் சொல்வார்கள். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு இழைந்த எங்களூர் அருணாசலத்தின் நாகஸ்வர வாசிப்பு அப்படிப்பட்டது. ஊருக்குள் இருக்கிற எங்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: மண்பாண்டம். இசை, மண் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். பகலில் பானை வனைவேன். கோயில்களில் கொடைத் திருவிழாக் காலம் வந்தால் ராத்திரி வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பேன்.

அன்றைக்கெல்லாம் சுடலைமாடன் கோயில் கொடை என்றால் விடிய விடியக் கதைதான். குடத்தைப் புரிமணையில் உட்கார வைத்து, அதன் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டுவோம். தலைமைப் பாடகரான அண்ணாவி வீசுகோலை நாணில் போட்டதும் மணிகளெல்லாம் ஒன்றாகக் குலுங்கும். உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் மேலே பேசும். அடியிலிருந்து தாங்குவது குடம். வலது கை மட்டையால் வாயில் அறைந்தால் உள்ளேயிருந்து ‘கும்’மென்று காற்று கிளம்பும். இடது கைக் காசு வயிற்றில் பட்டால் ‘கிண்’ணென்று கேட்கும். சாமக்கொடையில் கதை சூடுபிடிக்கும்போது அண்ணாவி என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் நடையைக் கூட்டுவேன். அடுத்த நிமிஷம் அது சாமியாடியின் காலில் தெரியும்.

அந்தக் குடத்தை நானே வனைந்துகொள்வேன். தண்ணீர்க் குடத்தின் பதம் இதற்கு ஆகாது. தண்ணீர்க் குடம் லேசாகக் கசிந்தால்தான் தண்ணீர் குளிரும். வாசிக்கிற குடத்துக்கு மண் இறுக வேண்டும். உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் மெலிந்தாலும் அங்கே காசு பட்டதும் குரல் மாறிவிடும். சூளை பிரித்ததும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்பின விரிசல் காதுக்குத் தப்பாது. கொடை மேடையில் பழகின காது சூளையடியில் உதவியது. தட்டுப்பலகை பிடித்த மணிக்கட்டு மேடையில் உதவியது. ஒன்றை விட்டிருந்தால் மற்றதும் எனக்கு இந்த அளவுக்கு வந்திருக்காது.

இன்றைக்கு வீடுகளில் பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் பாத்திரமும்தான். பொங்கல் பானையும் கார்த்திகை அகலும் எங்களுக்குச் சோறு போடுகின்றன. சக்கரம் மோட்டாரில் ஓடுகிறது. வயசான தோளுக்கு அது பெரிய ஆறுதல். கொடையும் மாறிவிட்டது. ஆர்மோனியமும் தபலாவும் மேடையேறிவிட்டன. குடத்துக்கு முன்னாலும் மைக் வைக்கிறார்கள். சந்தோஷப்படவும் நிறைய இருக்கிறது. வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மா போன்றவர்கள் நடந்த பாதையில் பெண்கள் வில்லின் முன்னால் உட்காருகிறார்கள். வில்லை வானொலிக்கும் சென்னை மேடைக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, எனக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

எனக்கு ஒரே ஒரு குறைதான். பல கோயில்களில் விடிய விடிய நடந்த கதையை இப்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். அதற்குள் கதையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதைக் கேட்கிறவர்கள் உடம்பில் ஏற்ற முடியாது. மாடன் பிறந்து, வளர்ந்து, வரம் வாங்கி, ஊர் ஊராக இறங்கி வருகிற வரைக்கும் தாளமும் கூடவே நடந்து வர வேண்டும். அந்த நடைதான் கொடை.

என் பேத்தி இப்போது சூளையடிக்கு வருகிறாள். போன தடவை ஒரு குடத்தைச் சுண்டிவிட்டு, “தாத்தா, இது அடைச்ச மாதிரி கேக்கு, தனியா வையுங்க” என்றாள். சரியாகத்தான் சொன்னாள். மட்டை பிடிக்கவும் கற்றுக்கொடுத்து வருகிறேன். அவள் வாசிக்க ஒரு முழு ராத்திரி வேண்டும். கொடைக் கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: வருஷத்தில் ஒரு சாமக்கொடைக்காவது ஒரு கதையை முழுசாகப் பாட விடுங்கள். குடம் நான் வனைந்து தருகிறேன்.