சாம்பியன்தான், ஆனாலும்…

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குக் குடிவரும் தமிழர்களிடம் யாராவது முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்: செப்டம்பரிலிருந்து நவம்பர் முடியும்வரை சனிக்கிழமைகளில் காதுகுத்து, கிரகப்பிரவேசம், வளைகாப்பு எதுவும் வைக்காதீர்கள். இங்கே ராகுகாலம் பார்க்கிறவர்கள்கூட ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சாங்கத்தைத் தொடுவார்கள்.

2024-ல் எங்கள் வட்டத்தில் சிலர் தெரியாத்தனமாக நவம்பர் 2-ம் தேதி தீபாவளி விழா வைத்துவிட்டார்கள். அன்று பென் ஸ்டேட்டுடன் ஆட்டம். மேடையில் அலாரிப்பு நடக்கிறது. அரங்கத்தில் அத்தனை தலையும் குனிந்து மடியில் இருக்கும் போனைப் பார்க்கிறது. 20-13 என்று ஜெயித்ததும் கூரை பிய்த்துக்கொள்கிற கைதட்டல். ஆடிக்கொண்டிருந்த குழந்தை தனக்குத்தான் என்று நினைத்து மூன்று முறை வணக்கம் வைத்தது. அதன் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரிந்து முகம் சிவந்துவிட்டது.

இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் நகர வேண்டும்; இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். கடிகாரக் கணக்கில் 60 நிமிடம். உட்கார்ந்து பார்த்தால் மூன்றரை மணி நேரம். நடுவில் வரும் டிரக் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்தே என் மகன் டிரக் ஓட்டக் கற்றுவிடுவான் போலிருக்கிறது.

நான் படித்த கல்லூரியிலும் ஓர் அணி இருந்தது. போட்டிக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் பெரும்பேறு, வகுப்புக்கு வராமலே வருகைப்பதிவு தரும் ஓ.டி.; அதற்கு மேல் பி.டி. மாஸ்டர் மனம் இரங்கினால் பரோட்டா. ஒஹாயோ ஸ்டேட்டின் 2024 அணிக்கு ஆட்டக்காரர்களுக்கென்றே சுமார் 2 கோடி டாலர் திரண்டதாக அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். குதிரை லாட வடிவில் 1922-ல் திறக்கப்பட்ட அதன் மைதானத்தில் 1,02,780 பேர் உட்காரலாம். ஆட்டத்தன்று கொலம்பஸில் காய்கறிக் கடைக்குப் போனால் நீங்களும் கல்லாவில் இருப்பவரும் மட்டும்தான்.

என் மனைவிக்கு இந்த ஆட்டத்தில் பிடித்தது ஒன்றே ஒன்று. வாத்தியக் குழு நடந்தபடியே ஒஹாயோ என்ற பெயரை ஆங்கிலத்தில் கூட்டெழுத்தாக மைதானத்தில் எழுதும். கடைசியில் மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிய பெரிய சூசஃபோனைத் தூக்கியபடி ஒருவர் ஒய்யாரமாக நடந்துவந்து, ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளியாக நின்று குனிந்து வணங்குவார். லட்சம் பேர் அலறுவார்கள். “புள்ளி வெச்சாச்சுல்ல, கிளம்பலாமாங்க?” என்பாள்.

இந்த ஊருக்கு உண்மையில் பத்துப் பன்னிரண்டு எதிரிகள் கிடையாது. ஒரே எதிரி, வடக்கே இருக்கும் மிச்சிகன். 1835-ல் டொலிடோ நகரம் யாருக்கு என்று இரண்டு பக்கமும் படை திரட்டினார்கள். அந்தப் போரில் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு காவல் அதிகாரிக்குப் பேனாக்கத்தியால் ஒரு குத்து விழுந்தது, அவரும் பிழைத்துக்கொண்டார். மிச்சமிருந்த ஆத்திரத்தையெல்லாம் 1897 முதல் கால்பந்தில் தீர்த்துக்கொள்கிறார்கள். மிச்சிகன் ஆட்டம் வரும் வாரம், பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ‘எம்’ எழுத்துகளின் மேல் சிவப்பு டேப்பால் குறுக்குக் கோடு போடுவார்கள். அலுவலகத்தில் என் காபிக் கோப்பையில் ஆங்கிலத்தில் ‘மதுரை’ என்று இருக்கும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அதிலும் சிவப்பு டேப். மிச்சிகனோடு பாண்டியர்களுக்கு என்ன தாயாதிச் சண்டை? வாரம் முழுக்க ‘அதுரை’யில்தான் காபி குடித்தேன்.

2024 அக்டோபரில் ஆரகனிடம் 32-31 என்று தோற்றிருந்தார்கள். அதை ஊர் மன்னித்துவிட்டது. நவம்பர் 30 அன்று மிச்சிகன் வந்தது. அதுவரை ஆறு வெற்றி, ஐந்து தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்த அணி. இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று பந்தயக்காரர்களே சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே சாசேஜ் சுட ஆரம்பித்துவிட்டார். நம்மவர்களோ சுவர் மாதிரி நின்ற மிச்சிகன் தடுப்புக்குள்ளேயே மறுபடி மறுபடி போய் முட்டினார்கள். 10-10. முடிய 45 நொடி இருக்கையில் மிச்சிகன்காரர் ஒருவர் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். 13-10. தொடர்ந்து நான்காவது தோல்வி. அதோடு விட்டார்களா? மைதானத்தின் நட்டநடுவில் கொடியை நடப் போனார்கள். கைகலப்பு மூண்டு, போலீஸ் மிளகுத் தூள் ஸ்பிரே அடித்தது. இரண்டு பக்கத்துக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம்.

மறுநாள் இழவு வீடு. பயிற்சியாளர் ரையன் டேயை உடனே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாலையில் அவர் மனைவி எங்களுக்கு ஒரு தட்டு சாசேஜ் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம். நாங்கள் சைவம் என்று சொல்ல அது நேரமில்லை, வாங்கி வைத்துக்கொண்டேன்.

பழைய விதிப்படி நான்கு அணிகளுக்குத்தான் இறுதிச் சுற்றில் இடம். அது அப்படியே இருந்திருந்தால் அன்றோடு கடையைக் கட்டியிருக்கலாம். அந்த வருடம்தான் பன்னிரண்டாக்கினார்கள். எட்டாவதாக உள்ளே நுழைந்தவர்கள் டென்னசியை 42-17 என்று அடித்தார்கள். அதுவரை தோல்வியே காணாத ஆரகனுக்கு எதிராக, அரை ஆட்டம் முடிவதற்குள் 34-0. டெக்ஸஸ் ஆட்டத்தில் நம்மவர் ஜாக் சாயர் பந்தைப் பிடுங்கிக்கொண்டு 83 கஜம் ஓடினார். பிடுங்கியது யாரிடம்? இதே கல்லூரியில் முன்பு தன் அறைத்தோழராக இருந்த க்வின் யூவர்ஸிடம். ஹாஸ்டல் பாக்கி என்னவோ. 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று வென்று நாட்டுக்கே சாம்பியன்.

பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. கைகொடுக்கப் போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தார். பீர் ஊற்றினார், டேயைத் தெய்வம் என்றார். கதவுவரை வந்து வழியனுப்பும்போது மெதுவாகச் சொன்னார்: “ஆனாலும் மிச்சிகனை ஜெயிக்கலையே!”

அதே 2025-ல் நவம்பர் 29 அன்று மிச்சிகனின் சொந்த ஊரிலேயே 27-9 என்று ஜெயித்தார்கள். சாம்பியன் பட்டம் கை நழுவிப் போனது. அதைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.