முறுமுறுத்தலும் முறுமுறுத்தல் நிமித்தமும்: ரொறன்ரோத் தமிழ் வரவேற்பறையில் தொடர்களின் தரம் காணல்

நெற்ஃபிளிக்ஸ் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் கடை விரித்தது கனடாவில்தான்; 2010 செப்டெம்பரில், மாதம் 7.99 டொலருக்கு. அன்றுதொட்டு இந்நாட்டுத் தமிழரும் தொடர் பார்த்துவருகின்றனர். எது நல்லது, எது கூடாது என்ற வினாவுக்கு மட்டும் இன்றுவரை முடிந்த முடிபு இல்லை. ஆண்டிறுதியில் நாளேடுகள் வெளியிடும் ‘சிறந்த பத்து’ப் பட்டியல்களை இவ்வாய்வு ஏற்கவில்லை. அவற்றை எழுதுகிறவர்கள் தனியே இருந்து, விளக்கை அணைத்து, ஒருவரும் குறுக்கே பேசாமல் பார்க்கிறவர்கள். ஸ்காபரோவில் அப்படியொரு பாக்கியம் எவருக்கும் வாய்த்ததாகச் சான்று இல்லை.

மரபுப்படி முதற்பொருளிலிருந்து தொடங்குவோம். நிலம்: வரவேற்பறை. பெரும்பொழுது: பனிக்காலம், அதாவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, சில ஆண்டுகளில் மேயும் சேரும். சிறுபொழுது: இராச் சாப்பாட்டுக் கோப்பைகள் கழுவி முடிந்த பின். கருப்பொருள்: ரிமோட், போர்வை, மிக்சர், ஆறிப்போன தேத்தண்ணீர், யாரோ தேடிக்கொண்டிருக்கும் மூக்குக்கண்ணாடி. உரிப்பொருள் தலைப்பிலேயே உள்ளது. ஒரு கணக்கில் ஐந்து முகப்புகளுக்கு மேல் திறக்க நெற்ஃபிளிக்ஸ் விடுவதில்லை. அகத்திணை அறிந்த யாரோ அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்று கொள்ள இடமுண்டு. எங்கள் வீட்டில் அந்த ஐந்தில் சிறுவர் முகப்பு அம்மம்மாவுடையது. மற்ற நான்கிலும் ஆட்கள் கொஞ்சுகிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம்.

தரவு பற்றி ஒரு சொல். 2023 பெப்ரவரியில் கனடா, நியூசிலாந்து, போர்த்துக்கல், ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ‘ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டும்’ என்ற விதி வந்தது. அதுவரை பிரம்ரன் சித்தியும், மொன்றியல் மாமாவும், ஒட்டாவாவில் படிக்கும் மாமாவின் மகளும் எங்களோடு ஒரே வீட்டார். விதி வந்தபோது மேலதிக ஆளொருவருக்கு மாதம் 7.99 டொலர் கேட்டார்கள், 2010 இல் முழுச் சேவைக்கும் வாங்கிய அதே தொகை. மாமா அன்றிரவே ஆய்விலிருந்து விலகிக்கொண்டார். அவர் இடையில் விட்ட தொடரின் முடிவை இன்றும் தொலைபேசியில் கேட்கிறார், ஒருவரும் சொல்வதில்லை.

முன்னையோர் அளவைகளையும் பார்த்துவிடுவோம். ஐந்து நட்சத்திர முறையை நெற்ஃபிளிக்ஸ் 2017 இல் கைவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. 2022 இல் இரட்டைக் கட்டைவிரலும் சேர்ந்தது. ஒரு தொடரை ஒருவர் ‘பார்த்தார்’ என்று கணக்கெழுத முன்னர் ஒரு எபிசோடிலாவது எழுபது வீதம் பார்த்திருக்க வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் போதும் என்றாகி, இப்போது பார்த்த மணித்தியாலங்களைத் தொடரின் நீளத்தால் வகுக்கிறார்கள். இரண்டு நிமிடம் என்பது எங்கள் வீட்டில் சப்டைட்டில் போடுவதா விடுவதா என்ற தர்க்கத்துக்கே காணாது. ஆகவே புதிய அளவைகள் தேவைப்பட்டன.

முதலாவது பெருவிரல் அளவை. ரிமோட்டின் வலப்பக்கத்தை ஒருமுறை அமுக்கினால் காட்சி பத்து வினாடி முன்னே பாயும். பெரியப்பாவின் பெருவிரல் இரவு முழுவதும் அதன்மேல்தான் குந்தியிருக்கும். திரையில் இருவருக்கு இடையே ஒரு முழத்துக்குக் குறைவான தூரமும், பின்னணியில் பியானோவும் சேர்ந்தால் விரல் விறைக்கும். நான்கு அமுக்கு. கதை மீண்டும் தரை தட்டும்போது நாயகி வேறு உடுப்பில், வேறு நாட்டில், அழுதுகொண்டிருப்பாள். “உவள் ஏன் அழுறாள்?” என்று அம்மம்மா கேட்பார். “தகப்பன் செத்திட்டார்” என்பாள் என் மருமகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்படிச் செத்த தகப்பன்மார் பலர். அடுத்த எபிசோடில் உயிரோடு வந்து காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ‘பிரிட்ஜர்ட்டன்’ 2020 நத்தாரன்று வந்தது. ஒரு மணித்தியால எபிசோடு எங்கள் வரவேற்பறையில் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கியது. குதிரை, நடனம், கடிதம் ஆகிய மூன்றைப் பற்றிய தொடர் அது என்று அம்மம்மா இன்றும் நம்புகிறார்.

அதே தொடரின் இரண்டாம் சீசன் 2022 இல் வந்தபோது பெருவிரல் தளர்ந்தது. காரணம் இரண்டாவது அளவை: ஊர் அளவை. சர்மா சகோதரிகளாக நடித்த சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். தகப்பனை ‘அப்பா’ என்றும் அக்காவை ‘தீதி’ என்றும் அழைக்கும் இக்குடும்பம் எந்த ஊர் என்ற ஆராய்ச்சியில் இரண்டு எபிசோடு கதை கவனிப்பாரற்றுப் போயிற்று. சம்பந்தம் பேசுவதென்றால் விசாரிக்கத்தானே வேண்டும்.

ஊர் அளவையின் உச்சம் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’. மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கிய இத்தொடர் 2020 ஏப்ரல் 27 அன்று, நாடே கதவடைத்திருந்த வேளையில் வந்தது. நாயகி மைத்ரேயி ராமகிருஷ்ணன் மிசிசாகாப் பிள்ளை. பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஏறக்குறைய 15,000 விண்ணப்பங்களுக்குள் தெரிவானவர். செய்தி பரவிய கிழமைக்குள் அவருக்குச் சொந்தமென்று சொல்லாத குடும்பம் இப்பெருநகரில் அரிதாயிற்று. பிறகு படத்தைப் பார்த்தார்கள். பதினைந்து வயதுப் பெட்டை தாயை எதிர்த்துக் கதைக்கிறாள், பெடியனுக்குப் பின்னால் திரிகிறாள், தகப்பன் இறந்த துக்கத்திலும் வாய் ஓயவில்லை. போதாக்குறைக்கு அவள் மனக்குரலை டென்னிஸ்காரர் ஜோன் மெக்கன்ரோ பேசுகிறார். “எங்கட பிள்ளையளை இப்பிடியே காட்டுறது?” என்று வாட்ஸப் குழுக்களில் தீர்ப்பு எழுதப்பட்டது. கேவலமான தொடர் என்று ஒருமனதாய் முடிவான பிறகு 2023 ஜூன் வரை நான்கு சீசன், நாற்பது எபிசோடு, ஒன்று விடாமல் பார்த்து முடிக்கப்பட்டன. நாலாம் சீசனில் பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோது பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படம் சரியில்லைத்தான்” என்றார்.

இங்குதான் இவ்வாய்வின் மையக் கருதுகோள் பிறந்தது: கூடாத தொடர் என்று தீர்ப்பானதே முழுதாகப் பார்க்கப்படும். அமேசான் பிரைமின் ‘த ஃபேமிலி மேன்’ இரண்டாம் சீசன் இதற்கு உரைகல். அதில் சமந்தா ஈழப் போராளியாக வந்தார். முன்னோட்டம் வெளியானதுமே எதிர்ப்புக் கிளம்பி, 2021 மே மாதம் தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் தடைகோரி ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 4 அன்று தொடர் வந்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. சமந்தாவின் முகத்துக்குக் கறுப்புப் பூசியது ஒன்றே போதும் ஒருவர் ரீவியை அணைக்க. எங்கள் தெருவில் அணைத்தவர் எவருமில்லை. பார்க்காமல் எப்படிக் கண்டிப்பது? ஒன்பது எபிசோடும் விடியும்வரை கண்டிக்கப்பட்டன.

இதன் மறுதலையும் உண்மை: சிறந்தது என்று தீர்ப்பானது பார்க்கப்படுவதில்லை. ‘த கிரவுன்’ ஆறு சீசன், அறுபது எபிசோடு. விருந்தாளி வந்தால் “அருமையான தொடர்” என்று எல்லோரும் சொல்வோம். மகாராணிக்கு எங்கள் வீட்டில் இன்னும் முடிசூட்டவில்லை. ‘செர்னோபில்’ ஐந்தே எபிசோடு. முதலாவதில் பற்றிய நெருப்பை அணைக்க ஆளில்லை. நல்ல தொடரைப் பார்ப்பதற்கு மனநிலை வேண்டும், நேரம் வேண்டும், மறுநாள் விடுமுறை வேண்டும். ஆகவே அது ‘என் பட்டியல்’ என்ற இடத்தில் பத்திரமாக வைக்கப்படுகிறது.

இவற்றுக்குப் புறனடையாக நிற்பவை ரொறன்ரோவில் படமாக்கப்பட்டு நியூயோர்க் என்று பொய் சொல்லும் தொடர்கள். ‘சூட்ஸ்’ அமெரிக்காவில் மட்டும் 2023 இல் 5,770 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டதாக நீல்சன் கணக்குச் சொல்கிறது. எங்கள் வீட்டில் அதன் கதை எவருக்கும் தெரியாது. வக்கீல்கள் கட்டடத்துக்குள் நுழையும்போதெல்லாம், “உது பே ஸ்ட்ரீட். உந்த வாசலிலைதான் எனக்கு டிக்கெட் அடிச்சவங்கள்” என்று டக்ஸி ஓட்டிய சித்தப்பா எழுந்து திரையில் விரல் வைத்துக் காட்டுவார். அளவிட முடியாத வகை என்று விட்டுவிடுகிறோம்.

கருதுகோளை உண்மையாகவே ஆட்டங்காண வைத்தது ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’. இன்ஸ் சோயின் நாடகத்திலிருந்து எழுந்து, 2016 முதல் சிபிசியில் ஓடி, நெற்ஃபிளிக்ஸ் வழியே உலகம் சுற்றிய, மூலைக்கடை நடத்தும் கொரியக் குடும்பத்துக் கதை. கடையின் வெளிப்புறக் காட்சிகள் குயீன் வீதி கிழக்கில் எடுக்கப்பட்டன. எல்லோரும் நல்ல தொடர் என்றார்கள். எல்லோரும் பார்த்தும் முடித்தார்கள். முன்னாள் மூலைக்கடைக்காரரான பெரியப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்த ஒரே தொடர். முதல் எபிசோடில் திரு கிம் பதினைந்து வீதக் கழிவு கொடுத்தபோது மட்டும், “பதினைஞ்சு வீதம் விட்டால் வாடகை ஆர் குடுக்கிறது?” என்று எழுந்து குசினிக்குள் போய், சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்தார். அடுத்த எபிசோடில் கணக்குச் சரியாகும் என்ற நம்பிக்கையில் அறுபத்தைந்தையும் பார்த்தார்.

சிக்கலைத் தீர்த்தது சிபிசிதான். ஆறாம் சீசனும் உண்டென்று 2020 இல் அறிவித்திருந்தார்கள். படைப்பாளிகள் விலகுவதால் ஐந்தோடு நிறுத்துவதாக 2021 மார்ச்சில் செய்தி வந்தது. ஆக, இத்தொடரின் தலைசிறந்த பகுதி ஆறாம் சீசன். அதை எவரும் பார்க்கவில்லை. கருதுகோள் பிழைத்தது. பெரியப்பா மட்டும் அதைத் தான் எங்கோ பார்த்துவிட்டதாகச் சாதிக்கிறார். அதுவும் சரியில்லையாம்.