ரசமட்டத்தின் அதிகார வரம்பு: இங்கிலாந்தின் ஒல்லிப்படகுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இப்பொருள் குறித்துத் தமிழில் எவரும் இதுவரை ஆராயாதது வருந்தத்தக்கது என்று தொடங்குவதே ஆய்வு மரபு. மரபை மீறும் துணிவு இக்கட்டுரையாளருக்கு இல்லை. நீச்சலும் தெரியாது.

நேரோபோட் எனப்படும் ஒல்லிப்படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். காரணகர்த்தா ஜேம்ஸ் பிரின்ட்லி. 18ஆம் நூற்றாண்டில் அவர் வெட்டிய கால்வாய்களில், படகை ஏற்றி இறக்கும் 'லாக்' என்னும் மடைத்தொட்டிகள் ஏறத்தாழ 7 அடி அகலமே கொண்டவை. செலவிலும் நீரிலும் அன்று பார்த்த சிக்கனம், இன்று புதிதாகக் கட்டும் படகிலும் கட்டிலின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. எஃகுத் தகடு, மரச்சட்டம், குளிர்காப்பு நுரை, உட்பலகை எல்லாம் போக உள்ளே 6 அடி சொச்சம் தேறும். 4 அடிக்குக் கட்டில் போட்டால் நடக்க 2 அடி. எதிரெதிரே வரும் தம்பதியரில் ஒருவர் கட்டிலில் ஏறியாக வேண்டும். யார் ஏறுவது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முன்னோர் நிலை இதனினும் இறுக்கம். நிலக்கரி ஏற்றிய படகுகளில் சுமார் 10 அடி நீளப் பின்னறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. அங்கே அலமாரிக் கதவைக் கீழே சாய்த்தால் சாப்பாட்டு மேசை. இன்னொன்றைச் சாய்த்தால் குறுக்குக் கட்டில். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவது ஆகுபெயர் என்பர் இலக்கணிகள். இங்கே பெயர் அப்படியே கிடக்க, பொருளே ஆகிவருகிறது. இதை 'ஆகுபொருள்' என வழங்கலாம். மறுப்பவர் அந்த மேசையில் சாப்பிட்டுப் பார்க்கட்டும். 1939இல் பான்பரி படகுப் பட்டறையில் எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் தம் 'கிரெஸ்ஸி' படகை வீடாக மாற்றியபோது குளியல் தொட்டியே வைத்துவிட்டார். ஆடம்பரத்தின் தொடக்கம் அதுவே என்பது நம் துணிபு.

இனி ஆய்வின் மையம். இன்றைய படகுப்பித்தர் எஞ்சின் பொருத்திய வெற்று எஃகுக் கூட்டை வாங்குகிறார். முதல் வேலையாகத் தளத்தின் அடியில் செங்கல்லும் நடைபாதைக் கல்லும் அடுக்குகிறார். கடன்பட்டு மிதக்கவைத்த படகைக் காசு கொடுத்துக் கொஞ்சம் அமிழ்த்துகிறார், இல்லையேல் அது தள்ளாடும். பிறகு அலமாரி. தச்சர் ரசமட்டத்தை வைக்கிறார். குமிழி நடுவில் நிற்கிறது. உளியை எடுக்க இடப்பக்கம் ஓரடி வைக்கிறார். படகு இடப்பக்கம் சாய, குமிழி வலப்பக்கம் ஓடுகிறது. திரும்பி வந்தால் குமிழியும் திரும்புகிறது. அளப்பது பலகையை அல்ல, தச்சரை.

இன்னொரு சிக்கல் முன்புறத்தில், நம் கடலோர மொழியில் சொன்னால் அணியத்தில், இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் அங்கேதான். 500 லிட்டர் கொள்ளும் என்றால் அரை டன். நிரப்பிய அன்று அணியம் தாழும். செலவாகச் செலவாக உயரும். திங்கட்கிழமை சமையல்மேடையில் வைத்த தக்காளி முன்னோக்கி உருண்டால், வெள்ளிக்கிழமை பின்னோக்கி உருளும். ஆகவே மேடையின் சரிவு என்பது குடும்பத்தார் எத்தனை முறை குளித்தார்கள் என்பதன் பதிவேடு.

அனுபவசாலிகள் ரசமட்டத்தை மூட்டை கட்டிவிட்டுத் தளத்திலிருந்தே நாடாவால் அளக்கிறார்கள், மூலைக்கு மூலமட்டம். அதுவும் முழுத்தீர்வன்று. படகின் மேல்சுவர் உள்நோக்கிச் சாய்ந்தது. நேர்மையான அலமாரிக்கும் சாய்ந்த சுவருக்கும் இடையே ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி பல்லிளிக்கும். அதை மறைக்கத்தான் பீடிங் பட்டி படைக்கப்பட்டது.

கழிவறை பற்றிச் சுருக்கமாகவே பேச வேண்டும், சண்டை பெரிது. கேசட் என்னும் கழிவுப் பெட்டியைக் கையால் சுமந்து சென்று கொட்டுவோர் ஒரு சமயம். படுக்கைக்கு அடியிலேயே தொட்டி வைத்து, மாதமொருமுறை காசு கொடுத்து உறிஞ்சவிடுவோர் மறு சமயம். மக்கவைப்போர் புதுச் சமயத்தார். எனவே அதிகம் பேசுவோர். முதலாமவரே யோக்கியர் என்பது நம் தீர்ப்பு. எதைச் சுமக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவ்வாய்வுக்கு மறுப்புரை எழுத விரும்புவோர், எழுதிய நேரத்தில் தங்கள் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதையும் தவறாமல் குறிப்பிடவும்.