டவர் அளக்கும் மழை

நீர்வேலியில் வானம் இருட்டினால் முதலில் போவது கறண்ட். அடுத்தது இன்டர்நெட். வாழைத்தோட்டத்து வரம்பில் நின்று போனை ஆகாயத்துக்குக் காட்டி டவர்காரனைத் திட்டுவது எங்களூர் மாரிகாலச் சடங்கு.

இனித் திட்டக்கூடாதாம். டவருக்கு டவர் பாயும் நுண்ணலையை மழைத்துளி மங்கவைக்கிறது. எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்து எவ்வளவு மழை என்று கணக்கிடலாம். கதையில்லை. இலங்கைக் கைப்பேசி வலையமைப்பொன்றின் 2019ஆம் ஆண்டுத் தரவை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் நம் மழையை அளந்து, 2021இல் கட்டுரையும் எழுதிவிட்டார்கள். எங்களுக்குக் கோளாறு, அவர்களுக்குத் தரவு.

அடுத்து வருவது 6ஜி. சுற்றாடலை உணர்வதும் அதன் வேலைகளில் ஒன்று என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இலேயே எழுதிவைத்துவிட்டது. வலையமைப்பும் 'திறந்த' வகையாக இருக்கக்கூடுமாம்: ஒரு கம்பனியின் அன்ரனா, இன்னொன்றின் பெட்டி, வேறொன்றின் மென்பொருள். எங்கள் கிணற்றடி மெசினும் அப்படித்தான். மோட்டர் ஒரு நாடு, வால்வு இன்னொரு நாடு, குழாய் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தை. பழுதானால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்து அப்புவுக்கு இதையெல்லாம் விளக்கினேன்.

"பெய்யிற மழையைத்தானே சொல்லும்? பெய்யப்போறதை இல்லையே?"

"இல்லை அப்பு."

"அப்ப எனக்கு முற்றம் காணும்" என்றவர், குலைக்கு முட்டுக்கொடுக்கப் போய்விட்டார்.

பின்னேரம் மழை கொட்டியது. டவர் அளந்திருக்கும். என் போனில் இன்னும் சிக்னல் இல்லை.